டிராகனுக்கு எதிர்ப்பக்கம் ஆடியவன்

நண்பர் ஒருவரோடு ஒரு வருடத்துக்கு மேல் டிராகன் போர் ஆடினேன். பிறகு விசாரணை வந்தபோது, அந்த ஆட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லிவிட்டேன். நான் செய்த தவறு இதுதான். விருந்துகளில் இதை வேடிக்கைக் கதையாகப் பலமுறை சொல்லியிருக்கிறேன். டிராகன் வரும் இடத்தில் சிரிக்க ஆரம்பிப்பவர்கள், நான் பொய் சொன்ன இடம் வரும்போதும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் இங்கே தவறை முதலில் வைத்துவிட்டேன். டிராகன் பின்னால் வரட்டும்.

எழுபதுகளின் தொடக்கம். கல்கத்தாவில் கார்டன் ரீச் பக்கம் ஒரு ரயில்வே அலுவலகத்தின் டிராயிங் பிரிவில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேஜை. நான் மனைவியோடு குவார்ட்டர்ஸில் இருந்தேன். அவர் லேக் மார்க்கெட் அருகே ஒரு தமிழ் மெஸ்ஸில் தங்கியிருந்தார். அவருடைய மனைவி சென்னையில் அயனாவரத்தில் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை. அந்த வேலையை விட்டுவிட்டுக் கல்கத்தாவுக்கு வர முடியாது. கைக்குழந்தை வேறு. இவர் வருடத்துக்கு இரண்டு முறை பாஸ் எழுதி ஊருக்குப் போய்வருவார்.

அவர் வாழ்வில் அப்போது ஒரே ஒரு லட்சியம்தான் இருந்தது: மியூச்சுவல் டிரான்ஸ்ஃபர். ரயில்வேக்காரர்களுக்கு இது தெரியும். அங்கே இருக்கும் ஒருவன் இங்கே வர விரும்ப வேண்டும், இங்கே இருப்பவன் அங்கே போக விரும்ப வேண்டும், இருவரும் ஒரே கிரேடாக இருக்க வேண்டும். ஜாதகப் பொருத்தத்தைவிடக் கடினம். அப்படி ஒருவர் கிடைத்தும்விட்டார். பெரம்பூரில் வேலை பார்த்த ஒரு வங்காளி, மீன் சரியில்லை என்று புலம்பிக்கொண்டு கல்கத்தா திரும்பக் காத்திருந்தார். இரு பக்கமும் கையெழுத்தாகி, காகிதம் மேலே போய்க்கொண்டிருந்தது.

டிராகன் எங்களுக்குக் கிடைத்தது கல்கத்தாவின் சீனர் பேட்டையான டாங்ராவில். சீனப் புத்தாண்டு வேடிக்கை பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். தோல் பதனிடும் நாற்றத்துக்கு நடுவே, துணியால் செய்த நீளமான டிராகன் ஒன்று மேளத்துக்கு ஆடிக்கொண்டு தெருவெல்லாம் புகுந்து வந்தது. திரும்பும்போது பஸ்ஸில் அவர் கேட்டார்.

“சார், இது நிஜமா இருந்தா ஹவுரா பாலத்தைப் பிடிக்க எத்தனை வேணும்?”

“ஒண்ணு போதாதா?”

“எரிக்க ஒண்ணு போதும். பிடிக்க ஒண்ணால முடியாது. பிடிக்கணும்னா ஆள் இறங்கி நிக்கணும் சார்.”

மறுநாள் மதியமே போர் தொடங்கிவிட்டது. வேறு யாராவது இந்த ஆட்டத்தை ஆடியிருந்தால் மலை, கோட்டை, அகழி என்று வரைந்திருப்பார்கள். நாங்கள் கழித்துப்போட்ட ஒரு பழைய யார்டு புளூபிரிண்டை மேஜையில் விரித்தோம். நடுவில் ஹூக்ளி நதி. இரு கரையிலும் வண்டிகளை ஒதுக்கி நிறுத்தும் சைடிங்குகள், நிலக்கரிக் கிடங்கு, தண்ணீர் நிரப்பும் இடம், எஞ்சின் ஷெட். ரயில் பாதை இல்லாத நிலத்தில் எப்படிப் போர் செய்வது என்று எங்களுக்குத் தெரியாது. ஹவுராப் பக்கம் என் ராஜ்யம். கல்கத்தாப் பக்கம் அவருடையது. சட்டைப் பொத்தான்கள் காலாட்படை, குண்டூசிகள் குதிரைப்படை, ரப்பர் துண்டுகள் யானைகள். டிராகன் அவருக்கு மட்டும்தான். சீல் வைக்கும் சிவப்பு அரக்கை உருக்கி அவரே செய்திருந்தார். பார்த்தால் இறால் மாதிரி இருக்கும்.

முதல் நாள் அந்த இறால் என் மூன்று படைகளையும் எரித்துவிட்டது. நான் டிபன் பாக்ஸைத் திறந்து மோர் சாதத்துக்கு வருவதற்குள் ராஜ்யம் போய்விட்டது.

“இதெல்லாம் ஒரு சண்டையாய்யா? அதுக்கு என்ன தீனி போடறீங்க?” என்று கத்தினேன்.

அவர் இதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. டிராயிங் பிரிவுக்கு வருவதற்கு முன் லோகோ ஷெட்டில் இருந்தவர். கண்ணை மூடி யோசித்தார். “ஆடு. ஓடற நாளைக்கு ஒரு கணக்கு. ஷெட்ல நிக்கற நாளைக்கு ஒரு கணக்கு” என்றார்.

அங்கிருந்துதான் ஆட்டமே பிறந்தது. ஓர் ஆயுதத்தின் குறைகளை எதிரியே தேடித்தேடிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்ததை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. நீராவி எஞ்சினைக் குளிர்ந்த நிலையிலிருந்து தயார் செய்ய அரை நாள் ஆகும். டிராகனும் நினைத்தவுடன் நெருப்பு கக்காது என்றார். ஆகவே நாளைக் காலைச் சண்டைக்கு இன்று மாலையே மூட்டம் போட வேண்டும், மூக்கில் புகை வரும், அதை என் ஒற்றன் எதிர்க்கரையிலிருந்தே பார்த்துவிடுவான். ஒரு முறை முழு மூச்சாகக் கக்கினால் தண்ணீர் குடித்தாக வேண்டும். தண்ணீர் இருப்பது இரண்டே இடத்தில். அங்கே என் வில்லாளிகள் காத்திருப்பார்கள். கால்பைசாகி புயல் அடிக்கும் சித்திரை மாதத்தில் அந்த இறக்கையை விரிக்க முடியாது. மழைக்காலத்தில் பாதித் தூரம்தான் பறக்கும். அதன் வாடை பட்டால் குதிரைகள் கட்சி பார்க்காமல் ஓடும்; ஆகையால் அவருடைய குதிரைப்படையும் அதே களத்தில் நிற்க முடியாது. கரைச் சேற்றில் இறங்கினால் எடைக்குக் கால் புதைந்துவிடும். அதை ஓட்டுபவனுக்கு டியூட்டி நேரம் முடிந்தால் ஓய்வு கொடுக்க வேண்டும்.

“ஓய்வா? போர் நடக்கும்போதா?”

“டிராகனைக்கூட இன்னும் கொஞ்சம் ஓட்டலாம் சார். ஓட்டறவனை முடியாது. யூனியன் விடாது.”

நானும் சும்மா இருக்கவில்லை. டாங்ராவிலிருந்து ஈரத் தோல்களை வாங்கி என் படைக்குப் போர்வையாகப் போட்டேன். ஈரத் தோல் நெருப்பைக் கொஞ்ச நேரம் தாங்கும் என்று அவரே ஒப்புக்கொண்டார். சில மாதத்தில் டிராகன், டிராயிங் பிரிவின் பழைய சீலிங் ஃபேன் அளவுக்குத்தான் ஆபத்தானது என்ற நிலை வந்தது. நான் ஜெயிக்க ஆரம்பித்தேன்.

அப்போதுதான் அவர் அதன் உண்மையான பலத்தைக் கண்டுபிடித்தார். டிராகனை ஷெட்டில் நிறுத்திவிட்டு வெளியே விடவே இல்லை. வாரக்கணக்கில் அது அசையவில்லை. நானோ அது எப்போது வரும் என்று பாலத்தில் ஒரு படை, தண்ணீர் இடங்களில் ஒரு படை, ஈரத் தோல்களை நனைத்துக்கொண்டே இருக்க ஒரு படை என்று பிரித்து வைத்திருந்தேன். அவருடைய சாதாரணச் சட்டைப் பொத்தான்கள் தெற்கே ஒவ்வொரு ஸ்டேஷனாக நடந்து வந்து பிடித்தன.

“யோவ், வெளிய விடுய்யா அதை!”

“எதுக்கு சார்? வந்தா நீங்க அடிச்சிருவீங்க. வராத வரைக்கும்தான் அது டிராகன்.”

எனக்கு ஆத்திரம் வந்தது. சிவப்புப் பென்சிலை எடுத்து என் மறுதிட்டத்தை வரைபடத்திலேயே எழுதினேன். டிராகனை அடிக்க முடியாவிட்டால் அதன் தீனியை அடிப்பது. ஆடுகளைக் கட்டியிருந்த இடத்துக்கு அம்புக்குறி போட்டு, ‘கிடங்கை முதலில் எரி, பாலம் பிறகு, ஷிஃப்ட் மாறும்போது காவல் குறைவு’ என்று ஆங்கிலத்தில் அழகான டிராயிங் எழுத்தில் எழுதினேன். ஆடுகள் கட்டியிருந்த இடம், புளூபிரிண்டின்படி, நிலக்கரிக் கிடங்கு.

இந்த வாக்கியம் அந்த வருடக் கல்கத்தாவில் எப்படி ஒலிக்கும் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. தெருச் சுவர்களில் நக்சலைட்டுகள் சீனத் தலைவரின் முகத்தை ஸ்டென்சிலில் அடித்திருப்பார்கள். மாலையில் எங்கோ வெடிச் சத்தம் கேட்கும், கடைகள் ஷட்டரை இறக்கும், நாங்கள் டிராமிலிருந்து இறங்கி நடப்போம். அலுவலகத்தில் டிராயர்களைத் திறந்து பார்க்கும் வழக்கம் வந்தது. ஒரு நாள் நண்பருடைய டிராயரைத் திறந்தார்கள். வரைபடம் அன்று அங்கே இருந்தது, அவ்வளவுதான். முந்தைய வாரம் வந்திருந்தால் என் டிராயரில் இருந்திருக்கும்.

விசாரிக்க வந்தவர் தூய வெள்ளைச் சட்டை போட்ட, பொறுமையான ஒரு வங்காளி அதிகாரி. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நண்பர் காலையிலிருந்து உட்கார்ந்து கைகளை விரித்து, மடக்கி, இறக்கை காட்டிப் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. மாலையில் அவரோடு பஸ்ஸுக்கு நடந்தேன். பயந்திருப்பார் என்று நினைத்தேன். பாதி சந்தோஷமாகவே இருந்தார்.

“நல்ல மனுஷன் சார். நல்ல கேள்வியாக் கேக்கறாரு. ஏன் ரெண்டு டிராகன் வெச்சுக்கலைன்னாரு. தீனி கட்டாதுன்னேன். ராத்திரி பறக்குமான்னாரு. அதை நாம யோசிக்கவே இல்லையே!”

“எல்லாத்தையும் எழுதிக்கறாரா?”

“ஒண்ணு விடாம.” டிராம் தண்டவாளத்தைத் தாண்டினோம். “எதிர்ப்பக்கம் யாருன்னு கேட்டாரு. அவரே வந்து சொல்லுவாருன்னுட்டேன். நாளைக்கு எல்லாரையும் கூப்பிடுவாங்க போல. நீங்க சொல்லிருங்க சார். ரெண்டு பேர் சொன்னா அது ஆட்டம். ஒருத்தன் மட்டும் சொன்னா அது சதி மாதிரி இருக்கு.”

“சரி, சொல்லிடறேன்” என்றேன். அப்போது அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

அந்த மாதம் மேல் கிரேடுக்குப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. என் பெயர் அதில் இருக்கிறது என்று ஹெட் கிளார்க், எங்கள் பொரோபாபு, எனக்கு ரகசியமாகச் சொல்லியிருந்தார். மறுநாள் பியூன் வந்து, “தாதா, ஆப்னாக்கே டாக்ச்சே” என்று வங்காளியில், என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி உள்ளே கைகாட்டியபோது, மேஜையிலிருந்து அந்த அறைக்குப் போகும் தூரத்துக்குள் என் எண்ணம் மாறியது.

அதிகாரி வரைபடத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தார்.

“இதைப் பார்த்திருக்கிறீர்களா?”

“இல்லை.”

“பக்கத்து மேஜை உங்களுடையது. மதிய இடைவேளையில் அவர் யாரோடு ஆடுவார்?”

“நான் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவேன்.”

“இது யார் கையெழுத்து?”

என் கையெழுத்துதான். ஆனால் டிராயிங் பிரிவில் எல்லோரும் ஒரே மாதிரி எழுதத்தான் பயிற்சி பெற்றிருக்கிறோம். யாருடையதாகவும் இருக்கலாம் என்றேன். அன்று நான் சொன்னவற்றில் ஓரளவு உண்மை அது ஒன்றுதான்.

அவர் பேனாவை மூடினார். முடிந்தது என்று எழுந்தேன். “ஒரு விஷயம். டிராகன் என்றால் சீனாவைக் குறிக்குமோ?” என்று கேட்டார். நான் அந்த இடத்தில் சிரித்திருக்கலாம். யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். “இருக்கலாம், எனக்குத் தெரியாது” என்றேன். ‘தெரியாது’ என்பது பயத்தில் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ‘இருக்கலாம்’ எதற்கு வந்தது என்று இத்தனை வருடம் யோசித்தும் கௌரவமான பதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

நான் வெளியே வந்தபோது நண்பர் தலை நிமிர்ந்து பார்த்தார். நான் என் மேஜையில் பென்சில் சீவ ஆரம்பித்தேன். அவர் அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மதியம் தன் மேஜையிலேயே சாப்பிட்டார்.

அவரைக் கைது செய்யவில்லை, வேலையும் போகவில்லை. அவருடைய காகிதத்தில் ‘விசாரணை நிலுவையில்’ என்று எழுதினார்கள், அவ்வளவுதான். விசாரணை நிலுவையில் உள்ளவருக்கு மியூச்சுவல் டிரான்ஸ்ஃபர் கிடையாது. பெரம்பூர் வங்காளி சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, காரக்பூரில் வேறு ஒருவரைப் பிடித்துக்கொண்டு மீனுக்குத் திரும்பிவிட்டார். எனக்குப் பதவி உயர்வு வந்தது. பிரிவில் எல்லோருக்கும் சந்தேஷ் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். நண்பரும் ஒன்று எடுத்துக்கொண்டு “கங்கிராஜுலேஷன்ஸ் சார்” என்றார்.

ஆறேழு வருடம் அவர் கல்கத்தாவிலேயே கிடந்தார். அந்த விசாரணை முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு கட்டத்தில் அது எங்கே இருக்கிறது என்றே யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு டிரான்ஸ்ஃபர் கிடைத்துச் சென்னைக்குப் போனார். வழியனுப்பு விழாவில் நான்தான் மாலை போட்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் மனைவி இறந்த பிறகு, பேசுவதற்கு ஆள் இல்லாத வீட்டில் இது என்னைத் தின்ன ஆரம்பித்தது. முதலில் அலுவலகத்துக்கு ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி படித்தார். இளைஞர். “இது எந்த விசாரணை? அப்படி ஒரு கோப்பே இங்கே இல்லையே. உங்களுக்கு லீவு ஏதாவது வேண்டுமா?” என்று கனிவாகக் கேட்டார். லீவு போட்டுவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறினேன்.

அயனாவரத்தில் அவர் வீட்டைக் கண்டுபிடித்து, உட்காரச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அவர் சட்டை போட உள்ளே போக இருந்தவர், அப்படியே பனியனோடு நின்றார்.

“தெரியும் சார். அன்னைக்கே தெரியும். கண்ணாடித் தடுப்புதானே. நீங்க தலையை ஆட்டினது தெரிஞ்சுது. விடுங்க.”

சமையலறை வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார். அவரை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

“அவரு விட்டுடுவாரு. நான் விடறதா இல்ல” என்றார். குரலை உயர்த்தவில்லை. “உங்களால எங்க அண்ணன் இந்த வீட்டு வாசப்படி மிதிக்கல. தெரியுமா உங்களுக்கு?”

தெரியாது. அவர் சொல்லித்தான் தெரிந்தது. நண்பருக்குப் பெற்றோர் இல்லாததால், சர்வீஸ் காகிதத்தில் நிரந்தர முகவரி என்ற இடத்தில் கும்பகோணத்தில் இருந்த மைத்துனர் வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தாராம். அதனால் நடத்தை விசாரிக்க ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் அந்த வீட்டுக்குப் போனார். அன்று மைத்துனரின் மகளைப் பெண் பார்க்க ஆட்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ‘உங்க மாப்பிள்ளை கல்கத்தாவுல வெடிகுண்டுக் கோஷ்டியோட இருக்காராமே?’ என்று கான்ஸ்டபிள் வாசலில் நின்று கேட்டிருக்கிறார். வந்தவர்கள் பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்று முதல் அண்ணன் தங்கையோடு பேசுவதில்லை.

“பரிகாரம் பண்ணணும்னுதானே வந்தீங்க? அங்க போயி அவருகிட்டச் சொல்லுங்க” என்றார்.

“வேணாம்மா, பாவம், அவரு எதுக்கு...” என்றார் நண்பர்.

“நீங்க பேசாம இருங்க.”

மறுநாளே கும்பகோணம் போனேன். மைத்துனர் பாத்திரக்கடை வைத்திருந்தார். கனத்த உடம்பு, சந்தனப்பொட்டு. கடையிலேயே ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். நான் எதையும் மறைக்கவில்லை. டாங்ரா, அரக்கு டிராகன், ஆட்டுத் தீனி, ஈரத் தோல், சிவப்புப் பென்சில், நான் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நடுவில் குறுக்கே பேசவில்லை. சொல்லச்சொல்ல எனக்கே ஒரு நம்பிக்கை வந்தது. முடித்ததும் கேட்டார்.

“நீங்க என்ன படிச்சிருக்கீங்க?”

“இன்ஜினியரிங்.”

“அவரு?”

“அவரும் டிப்ளமா முடிச்சவர்.”

“ரெண்டு படிச்ச ஆம்பளைங்க, சர்க்கார் ஆபீஸ்ல, ஒரு வருஷமா, நெருப்பு கக்கற பாம்புக்கு எத்தனை ஆடு வேணும்னு பேசிக்கிட்டிருந்தீங்க.”

“ஆமாம்.”

“என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?” என்றார். கோபம்கூட இல்லை. “வெடிகுண்டு வெச்சான்னாக்கூட, சின்ன வயசு, புத்தி கெட்டுப்போச்சுன்னு ஒரு நாள் மன்னிச்சிருப்பேன். வயசான மனுஷனைக் காசு செலவு பண்ணி இவ்வளவு தூரம் அனுப்பி, இப்படி ஒரு கதையைச் சொல்லச் சொல்றாங்களே. போயிட்டு வாங்க.”

சத்தியம் செய்கிறேன் என்றேன். கோயிலுக்கு வருகிறேன் என்றேன். கடைப்பையன் சிரிப்பை அடக்க முடியாமல் அடுக்கிவைத்த குடங்களுக்குப் பின்னால் போய்விட்டான்.

அயனாவரத்துக்குத் திரும்பினேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தேன். ‘நம்பினார், மெதுவாக வருவார்’ என்று சொல்லிவிட்டு ரயிலேறலாம். அந்த அம்மாள் கதவைத் திறந்ததும் அதைத்தான் கேட்டார்.

“நம்பினாரா?”

“இல்லை” என்றேன். “நீங்க கதை கட்டி என்னை அனுப்பினதா நினைக்கறார். இப்ப முன்னைவிடக் கோபம்.”

அவர் கதவுப் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“நம்பினாருன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாமே. அன்னைக்கு நல்லா வந்துச்சே உங்களுக்கு.”

உள்ளே போய்விட்டார். நண்பர் என்னைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். சாப்பிட்டேன். ரசம் நன்றாக இருந்தது. அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. சென்ட்ரல் வரை வந்து வண்டி ஏற்றிவிட்டார். வண்டி கிளம்பும் நேரத்தில் ஜன்னல் அருகே குனிந்து, மிகவும் மரியாதையாக, “சார், தப்பா நினைச்சுக்காதீங்க. இதுக்கு மேல எங்களுக்காக நீங்க எதுவும் பண்ண வேணாம்” என்றார்.

அவர் சொன்னபடியே இருந்துவிட்டேன். அண்ணனும் தங்கையும் பிறகு பேசிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்டு எழுதும் உரிமை எனக்கு இருப்பதாகவும் தோன்றவில்லை.